உன் பெரியம்மா வருமுன்

மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. சுகம் விசாரித்து இரண்டு பக்கம் எழுதும் பழக்கம் நம் இருவருக்கும் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். பாலையூற்றிலிருந்து உன் பெரியம்மா ஆள் மூலம் கேட்டனுப்பியதாக எழுதியிருக்கிறாய். மார்பில் இருந்த புற்றுக் கட்டியை வெட்டியாயிற்று, வார்டில் இருக்கும்போதே முதல் ஊசியும் போட்டாயிற்று, இனி மாதம் ஓர் ஊசி, ஊசியோடு இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளைக்கு, விழுங்கும் குளிசை, போதாததற்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தமும் இருக்கிறது. கொழும்பில் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உன் வீடு இருப்பதால் ஊசிகள் முடியும்வரை அங்கே தங்கலாமா என்பது அவருடைய கேள்வி. "அம்மாவுக்கு அவ செய்ததுக்குப் பிறகு என்ன முகத்தோட கேக்கிறா? ஏலாது எண்டு எழுதிவிடட்டோ அப்பா?" என்று நீ முடித்திருக்கிறாய். அவர் உன் அம்மாவுக்கு என்ன செய்தார் என்பதை உனக்கு எழுதியவன் நான். நீ அப்போது பேராதனையில் படித்துக்கொண்டிருந்தாய். என் கடிதத்தைத் தவிர உனக்கு வேறு சாட்சி இல்லை. அந்தக் கடிதம் பொய். உன் கடிதம் வந்த மறுநாள் நான் பாலையூற்றுக்குப் போய் இதை அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன். அங்கே நடந்த கதையைப் பிறகு எழுதுகிறேன். இரண்டாவது ஊசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. உண்மை இன்னதென்று நீ அறியுமுன் உன் வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அவருடைய ஒரே மகன் மத்திய கிழக்கில் இருக்கிறான். கொழும்பில் வேறு தங்க இடம் இல்லை. ஆகவே இந்தக் கடிதம் நேரத்துக்கு உன் கையில் கிடைக்காவிட்டால் அந்த ஊசி போடப்படாது.

நான் மனம் மாறிவிட்டேன் என்று எண்ணிவிடாதே. உன் பெரியம்மாவை எனக்குப் பிடித்ததில்லை; இன்றும் பிடிக்காது. எங்கள் கலியாணப் பேச்சு நடந்தபோது நான் வெள்ளைக்காரரின் கப்பல் தளத்தில் கிளாக்கராக இருந்தேன். நான் விறாந்தையில் இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டே உள்ளே அவர் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "வெள்ளைக்காரன்ர பேனையைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறார். அவன் கப்பலேறேக்க பேனையையும் கொண்டு போயிடுவான். பிறகு இவர் எதைப் பிடிக்கிறது?" எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தாள். ஐந்தாறு வருடத்தில் வெள்ளைக்காரன் போனான். எட்டு மாதம் நான் வேலையில்லாமல் இருந்தேன். சொன்னது பலித்ததற்காக அவரை நான் இன்னும் கூடுதலாக வெறுத்தேன். பிறகு துறைமுகத்தில் வேலை கிடைத்தது. சிங்கள மொழிப் பரீட்சையில் தேறாததால், நான் வேலை பழக்கியவர்கள் எனக்கு மேலே போய் இருந்தார்கள். மருத்துவக் கல்லூரிக்கு நான் போகாத கதை உனக்கு மனப்பாடம், அதை விடுகிறேன். உன் அம்மாவுக்கு வருத்தம் வந்தபோது என் வீட்டில் இருந்தது இப்படிப்பட்ட ஆள். படித்தவன், படித்ததற்கு உலகம் ஒன்றும் தரவில்லை என்று நினைப்பவன், கடைசியில் தன் படிப்பைக் காட்ட ஒரு நோயாளி கிடைத்தவன். அடுத்து வருவதை வாசிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்.

அம்மாவுக்குக் கழுத்தில் நெறி கட்டியதும், அது புற்று என்று கொழும்பில் சொன்னதும் உனக்குத் தெரியும். மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவோம். வந்த பிறகு இரண்டு கிழமை குளிசை, அடுத்த இரண்டு கிழமை குளிசை இல்லை. அந்தக் குளிசை சீனியை ஏற்றும் என்று டாக்குத்தர் முன்பே சொல்லியிருந்தார். முன்பு கொஞ்சமாக இருந்த சீனி வருத்தம், குளிசை தொடங்கிய மூன்றாம் நாளே இன்சுலின் இல்லாமல் அடங்காத நிலைக்கு வந்தது. அந்த ஊசி போட நான் பழகிக்கொண்டேன். கண்ணாடிச் சிரிஞ்சைத் தினமும் கொதிக்க வைத்தேன். காலையில் அலுவலகத்துக்குப் போகுமுன், சோதனைக் குழாயில் நீலக் கரைசலை விட்டு, எட்டுத் துளி சிறுநீர் சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைத்து நிறம் பார்ப்பேன். நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் நிறைய இருக்கிறது. நிறத்தைக் கொப்பியில் எழுதி, அதற்கேற்ப இன்சுலின் அளவைக் கூட்டுவேன். மருந்தின் அளவைக் கூட்டுவது எப்படி என்று கொழும்பில் எழுதித் தந்திருந்தார்கள். குளிசை நிற்கும் நாளில் குறைக்க வேண்டும் என்று அதே தாளின் மறுபக்கத்தில் எழுதியிருந்தது. நான் மறுபக்கம் பார்க்கவில்லை. குளிசை ஏற்றிய சீனி குளிசை நின்றால் தானே இறங்கும். இதை விளங்கிக்கொள்ள மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை. உன் பெரியம்மா விஷயத்தில் நீ முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: குளிசை உள்ள நாளில் எவ்வளவு, இல்லாத நாளில் எவ்வளவு, சாப்பிட முடியாத நாளில் என்ன செய்வது. மூன்றையும் எழுதி வாங்கு. தாளின் இரண்டு பக்கத்தையும் பார்.

கொழும்பு ஊசி போட்ட இரண்டாம் கிழமையில் உடம்பில் கிருமியை எதிர்க்கும் சக்தி விழுந்துவிடும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆகவே வீட்டில் நான் சட்டம் போட்டேன். குடிக்கும் தண்ணீர், வாய் கொப்பளிக்கும் தண்ணீர், கோப்பை கழுவும் தண்ணீர் எல்லாம் கொதித்தாறியது. பச்சைச் சம்பல் இல்லை, வல்லாரை இல்லை, பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் பலகாரம் வாசல் படலையோடு திரும்பிவிடும். சீனி என்ற பொருளே வீட்டில் இருக்கக் கூடாது. பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்ததையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இன்சுலினை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. குளிர்பெட்டி நம்மிடம் இல்லை. உதவிக்கு வந்து நின்ற உன் பெரியம்மா, "புது மண் முட்டியில ஈர மணலைப் போட்டு அதுக்குள்ள வைச்சால் காணும் தம்பி. என்ர மாமியாருக்கு அப்பிடித்தான் வைச்சனாங்கள்" என்றார். அது சரியான யோசனை. அவர் சொன்னதால் எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன்.

துறைமுகத்தில் மீன் வாங்கிக் கொழும்புக்கு ஏற்றும் முதலாளி ஒருவர் எனக்குப் பழக்கம். இறக்கக்கண்டி ஊர்க்காரர். லொறியில் மீனுக்கு இடையே போடும் ஐஸ் கட்டிகள் உமி மூடி அவரிடம் எப்போதும் கிடக்கும். நாளுக்கு ஒரு துண்டு உடைத்துத் தருவார். "மருந்துக்குத்தானே ஐயா? மீனுக்குப் போடுற ஐஸ். சர்பத்துக்குப் போட்டுடாதேங்கோ. பிறகு சர்பத்து நீந்தும்" என்றார் முதல் நாளே. நானும் சிரித்தேன். மருந்துச் சீசாவை ரப்பர்ப் பையில் சுற்றி ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கில் வைத்தேன். இரண்டாம் கிழமை அம்மாவுக்கு வாய் முழுக்கப் புண் வந்தது. கொழும்பு ஊசி செய்யும் வேலை. எச்சில் விழுங்கவும் அழுதாள். ஒரு மத்தியானம் பிளாஸ்க்கிலிருந்து ஒரு சிறு துண்டு ஐஸைக் கரண்டியில் எடுத்து அவள் நாக்கில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். "இஞ்சாருங்கோ, இது ஒண்டுதான் வாய்க்குச் சுகம்" என்றாள். அதன் பிறகு தினமும் நாலைந்து தரம் கொடுத்தேன். கோப்பை கழுவும் தண்ணீரைக்கூடக் கொதிக்க வைத்த நான், ஐஸும் தண்ணீர்தான் என்று ஒரு தடவையும் நினைக்கவில்லை. அதை நான் மருந்துச் சாமானாகவே பார்த்தேன். உன் வீட்டில் குளிர்பெட்டி இருக்கிறது. இன்சுலினை அதன் கீழ்த் தட்டில் வை, உறையும் இடத்தில் வைக்காதே. பெரியம்மாவுக்கு வாய்ப்புண் வந்து ஐஸ் கேட்டால், கொதித்தாறிய தண்ணீரில் நீயே உறைய வைத்தது மட்டும். வெளியில் விற்கும் ஐஸ்பழமும் குளிர்பானமும் வேண்டாம்.

உன் பெரியம்மா குசினியைப் பார்த்துக்கொண்டார். என் சட்டங்களில் இரண்டை மீறினார். அந்த நாட்களில் சீனி தட்டுப்பாட்டால் எல்லோரும் உள்ளங்கையில் சிட்டிகை சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பார்கள். உன் பெரியம்மா தன் கூப்பன் சீனியை ஒரு சின்னத் தகரத்தில் போட்டு மடியில் வைத்திருந்தார். நான் அலுவலகத்துக்குப் போன பிறகு குசினியில் குந்தியிருந்து தன் தேத்தண்ணிக்கு மட்டும் அதைத் திறப்பார். இரண்டாவது, நான் அரைக்கோப்பை என்று அளந்த கஞ்சியை அவர் ஒரு கோப்பையாகக் கொடுத்தார், தேங்காய்ப்பாலும் விட்டார். குளிசை நின்ற மறுநாள் மத்தியானமும் அப்படி ஒரு கோப்பை கொடுத்திருக்கிறார். அன்று பின்னேரம் அம்மாவுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. விடிவதற்குள் ஒன்பது தரம் போனாள். காலையில் உடம்பு சுட்டது. இந்த இடத்தில் கொழும்புத் தாள் சொன்னது ஒரே ஒரு வரி: காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி. நானோ, வயிறு காய்ந்தால் நின்றுவிடும் என்று சொல்லி, கஞ்சியும் தண்ணீரும் கொடுக்க வேண்டாம் என்று கட்டளையிட்டேன். நம் ஊரில் படிக்காதவர்கள் செய்வதையே செய்தேன், படித்தவனுடைய குரலில் சொன்னேன். பிறகு வழக்கம்போல முதல் சிறுநீரைச் சோதித்தேன். செம்மஞ்சள். முழு அளவு இன்சுலினைப் போட்டுவிட்டு, தேயிலை ஏற்றும் கப்பல் ஒன்று நின்றதால் வேலைக்குப் போனேன்.

பத்து மணிக்கு ஆள் வந்து என்னைக் கூப்பிட்டது. நான் வரும்போது அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதட்டிலும் கன்னத்திலும் சீனி ஒட்டியிருந்தது. தரையில் அந்தத் தகரம் திறந்து கிடந்தது.

"என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"சீனி. முதல்ல என்னோட கோவிச்சாள், பிறகு செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டுக் கதைச்சாள், பிறகு வேர்த்துக் கொட்டிக் கண் செருகிப் போச்சு. விழுங்க ஏலாது. கன்னத்துக்கு உள்பக்கம், கொடுப்புக்குள்ள பூசிவிட்டனான். என்ர மாமியாருக்கும் ஒருக்கா இப்பிடி வந்தது."

"சீனி வருத்தக்காரிக்குச் சீனி. நல்ல வைத்தியம். நேற்று மத்தியானம் கஞ்சி எவ்வளவு?"

"ஒரு கோப்பை. பசிக்குதெண்டு அழுதாள் தம்பி."

"தேங்காய்ப்பாலோட. அது கொதிச்சது காணாது. அதுதான் வயித்தால போறது. மச்சாள், நீங்கள் வந்தது காணும். இனி இந்தப் படி மிதிக்க வேண்டாம்."

அவர் தகரத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு போனார். அவரை வாய் திறக்கவிடாமல் செய்த ஒரே தடவை அது என்று அன்று எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. அதையும் நீ தெரிந்துகொள்.

கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சேலைன் ஏற்றினார்கள். வார்டில் கிண்ணியாக்காரரான ஓர் அப்போதிக்கரி இருந்தார். டாக்குத்தருக்கு அடுத்தபடி, வயதானவர், மெதுவாகக் கேள்வி கேட்பவர். பச்சைத் தண்ணீர் குடித்தாரா, பழம் சாப்பிட்டாரா என்று கேட்டுக்கொண்டு வந்தார். எல்லாம் கொதித்தாறியது என்றேன். கஞ்சியைச் சொன்னேன். "கஞ்சி அடுப்பில கொதிச்சதுதானே. அதுல எனக்கு நம்பிக்கை இல்ல. ஐஸ் ஏதும்?" என்றார். இல்லை என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. மருந்துக்கு வாங்கிய சாமானைப் பற்றி யாரும் கேட்பதாக நான் நினைக்கவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து பிளாஸ்க்கில் மிஞ்சிய ஐஸைக் கண்ணாடிக் கோப்பையில் கொட்டி உருக விட்டுப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் மணல் தங்கியது. அதோடு ஒரு மீன் செதிள்.

மறுநாள் காலை, அப்போதிக்கரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "இப்பவாவது சொன்னீங்க" என்று மட்டும் சொல்லி டாக்குத்தரிடம் போய் மருந்தை மாற்றி எழுதுவித்தார். திரும்பி வந்து கொப்பியைக் கேட்டார். "சலம் எப்ப எடுக்கிற? விடிஞ்ச உடன வாறதா? அது ராத்திரி முழுக்கத் தேங்கின சலம். நேத்தைய சீனியைத்தான் அது காட்டும். அதை வெளியால விட்டுட்டு, அரை மணித்தியாலம் கழிச்சு வாறதைப் பார்க்கணும்." குளிசை நின்ற பிறகும் அதே அளவா என்று கேட்டார். ஓம் என்றேன். சாப்பாடும் இல்லையா என்றார். இல்லை என்றேன். கொப்பியை மூடித் தந்தார். "வாயில சீனி பூசினது ஆரு? அவட கையைப் பிடிச்சு நன்றி சொல்லுங்க. அவ இல்லாட்டி நீங்க வீட்டுக்கு வரக்குள்ள மையித்துதான் கிடந்திருக்கும்."

நான் போகவில்லை. அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி மர வாங்கில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதினேன். பெரியம்மா எனக்குத் தெரியாமல் அம்மாவுக்குச் சீனி கொடுத்து வந்தார், வேகாத கஞ்சியைக் கொடுத்து வயிற்றைக் கெடுத்தார், கையும் களவுமாகப் பிடித்தேன் என்று எழுதினேன். எல்லாம் தெரிந்த பிறகு எழுதினேன். தவறு செய்தது நான் என்றால் அவர் சிரிப்பார் என்பதுதான் என் மனதில் இருந்தது. அவர் சிரிக்கமாட்டார் என்று எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா பிழைத்தாள். ஆனால் வயிறு ஆறி, உடம்பு தேறி, அடுத்த ஊசிக்குக் கொழும்பு போக ஏழு கிழமை தள்ளிப் போயிற்று. அதற்கிடையில் கழுத்தில் நெறி திரும்பக் கட்டியது. அதன் பிறகு ஒன்றரை வருடம் இருந்தாள். தாமதம்தான் காரணம் என்று எந்த டாக்குத்தரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சீனி பூசியது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒன்றரை வருடத்தில் இரண்டு தரம், "அக்காவை ஒருக்கா வரச் சொல்லுங்கோவன்" என்று கேட்டாள். இரண்டு தரமும் பார்ப்போம் என்றேன். செத்த வீட்டுக்கு உன் பெரியம்மா வந்து படலைக்கு வெளியே நின்றுவிட்டுப் போனதை நீ கண்டாய். "வெக்கம் இருக்குதுதானே" என்று நீ சொன்னாய். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இனி நீ செய்ய வேண்டியது. அவர் விரதம் பிடிக்கிறவர். வெள்ளிக்கிழமையில் உனக்குச் சொல்லாமல் பட்டினி கிடந்துவிட்டு இன்சுலினுக்குக் கையை நீட்டுவார். ஊசிக்கு முன்னால் சாப்பாடு தட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடு. சீனி இறங்கினால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. உன் அம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது. காரணமில்லாமல் ஒருவர் உன்னைத் திட்டினால், திருப்பித் திட்டாமல் சீனித் தண்ணீர் கொடு. ஆனால் பெரியம்மா காரணத்தோடும் திட்டுவார். வேர்வையைத் தொட்டுப் பார். மயங்கியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதே, மூச்சுக்குழலுக்குள் போகும். கொடுப்புக்குள் பூசிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. சீனி வருத்தக்காரர் இருக்கும் வீட்டில் சீனி கட்டாயம் இருக்க வேண்டும். வயிற்றோட்டம் வந்தால் வீட்டு வைத்தியம் செய்யாதே. மாதுளம் கோதும் தேயிலைச் சாயமும் கொடுத்து நிறுத்தி வைத்தால் கிருமி உள்ளே நிற்கும். உப்பும் கொஞ்சம் சீனியும் கலந்த கொதித்தாறிய தண்ணீரை மிடறு மிடறாகக் கொடுத்துக்கொண்டே கொண்டு போ. அன்றைய இன்சுலினை நீயாகக் குறைக்கவும் வேண்டாம், நீயாக நிறுத்தவும் வேண்டாம். சிலருக்குக் காய்ச்சலில் சாப்பிடாமலே சீனி ஏறும். கேட்டுச் செய். எத்தனை தரம் போனது, என்ன குடித்தார், எப்போது வேர்த்தது என்று எழுதி வை. டாக்குத்தர் கேட்டால், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல், வாய்க்குள் போன எல்லாவற்றையும் சொல். எது முக்கியம் என்று அவர்கள் முடிவு செய்யட்டும். கெட்டிக்காரத்தனம் வேண்டாம். மருமகளும் இந்தப் பந்தியை வாசிக்கட்டும்.

பாலையூற்றில் நடந்தது இது. நான் படலையைத் திறந்தபோது உன் பெரியம்மா தலையில் சீலைத் துண்டைக் கட்டிக்கொண்டு விறாந்தைக் கதிரையில் இருந்தார். பாதியாகிவிட்டார். என்னைக் கண்டதும், "ஆர் செத்தது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் சாகேல்லை."

"அப்ப நான் செத்துப்போனன் எண்டு ஆரும் சொன்னவையோ? நேரத்தோட வந்திட்டீங்கள். இருங்கோ, இன்னும் கொஞ்ச நாள் கிடக்கு."

நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே ஐஸ், இன்சுலின், அப்போதிக்கரி சொன்னது, உனக்கு எழுதியது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து கேட்டார்.

"அப்ப என்ர கஞ்சி இல்லையோ?"

"இல்லை."

"தேங்காய்ப்பால் கொதிச்சது காணாதெண்டு சொன்னீங்கள்."

"சொன்னன். அது பிழை."

"பிழையோ, பொய்யோ?"

"முதல் நாள் பிழை. அடுத்த நாளிலயிருந்து பொய்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பத்து வருசம் நான் ஒருத்தருக்கும் கஞ்சி காய்ச்சிக் குடுக்கேல்லை தம்பி. என்ர மனிசன் சாகக் கிடக்கேக்கையும் பக்கத்து வீட்டுப் பொம்பிளையைக் கொண்டுதான் காய்ச்சுவிச்சனான். இந்தக் கட்டி வந்த உடன, தங்கச்சிக்குச் செய்ததுக்குக் கிடைச்சது எண்டுதான் நினைச்சனான்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் என்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டிருப்பார் என்றுதான் இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். அவர் நான் சொன்னதை நம்பியிருந்தார். என்னை மதிக்காத மனுஷி, என் படிப்பை மட்டும் மதித்து நம்பியிருந்தார். உன் வீட்டுக்குப் போகச் சொன்னேன். நீ வேண்டாம் என்று எழுத நினைத்ததையும் மறைக்கவில்லை.

"கள்ளி எண்டு நினைக்கிற வீட்டில நான் வாய் நனைக்கமாட்டன். அவனுக்கு எழுதுங்கோ. எழுதிக் கொண்டுவந்து எனக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டு, என்ர கண்ணுக்கு முன்னால ஒட்டுங்கோ. உங்கட கடுதாசியில எனக்கு நம்பிக்கை இல்லை. பிறகு, மன்னிப்பெண்டு ஒண்டும் கேக்காதேங்கோ. கேட்டாலும் தரமாட்டன்."

"கேக்க வரேல்லை" என்றேன்.

"அதுதானே பார்த்தன்" என்றார்.

இனி வருவதை, திரும்பவும் பாலையூற்றுக்கு வந்து, அவருடைய மேசையில் இருந்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். பிடிக்காது என்று எழுதியதையும் வாசித்தேன்; அதற்கு அவர், "அதை நீங்கள் எழுதித்தானோ அவனுக்குத் தெரியவேணும்" என்றார். அம்மா அக்காவை இரண்டு தரம் கேட்டதை வாசித்தபோது எழுந்து உள்ளே போய்விட்டார். கால் மணித்தியாலம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்சத்தை வாசிக்கச் சொன்னார். முடிந்ததும், ஒன்று விட்டுப்போயிற்று என்றார். அன்று காலை, நான் வருமுன், கொடுப்புக்குள் பூசிய சீனி கரைந்து உன் அம்மா கண் திறந்தபோது, உன் பெரியம்மாவின் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தா அக்கா" என்றாளாம். அது உனக்குத் தெரிய வேண்டும் என்றார். எழுதிவிட்டேன்.

எட்டாம் திகதி காலை ரயிலில் வருகிறார்; அதற்குமுன் இது உன் கையில் கிடைத்துவிடும். தாளை மடிக்குமுன் இந்த வரிகளையும் வாசித்துக் காட்டி, உறையை ஒட்டட்டுமா என்று கேட்டேன்.

"ஓம். ஒட்டுங்கோ" என்றார்.

அப்பா